ஓடு

சிவப்பு விளக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள் மெரெட்டே.
வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்து,
மஞ்சளாக, அலுமினியத் தாள் சுற்றிய குப்பியில்.
கோபன்ஹேகனில் மாலை நாலரை.
ஜனவரி ஏற்கெனவே கடையைச் சாத்திவிட்டது.

கண்ணாடிக் கிண்ணத்தில்
ஆமைத் தண்டுவடத்தின் ஒரு துண்டு.
ஆமை காலையிலேயே போய்விட்டது.
துண்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.
குமிழ் விடும் உப்புநீரில்
இன்று முழுக்க, ஒருவேளை நாளைக்கும்
இருந்து பார்ப்போம் என்று கிடக்கிறது.

முடியைவிட மெல்லிய ஊசி
ஒரு நரம்புச் செல்லுக்குள் இறங்குகிறது.
மைனஸ் அறுபத்தெட்டு மில்லிவோல்ட்.
அரை விநாடி தட்டுகிறாள்.
ஒலிபெருக்கியில் டக்டக்டக்டக்.
தட்டுவதை நிறுத்துகிறாள்.
செல் நிறுத்தவில்லை.

கதவைத் தட்டியவர் தெருமுனை திரும்பிய பிறகும்
யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டேயிருக்கும் வீடு.
ஐந்து விநாடி. ஆறு. எட்டு.
முற்று வர மறுக்கும் வினை.

கிளைகளில் இருக்கின்றன அந்தக் கால்சியம் வாசல்கள்.
சோடியம் வாசல் மாதிரி
திறந்த கையோடு அறைந்து சாத்தும் பழக்கம் இவற்றுக்கில்லை.
சோம்பலாகத் திறக்கும்.
உள்ளே வந்தது, வந்த வழியைப் பிடித்துக்கொண்டு
இன்னும் வா, இன்னும் வா என்னும்.

இந்த ஆமையின் ஓட்டில் இருந்ததும் அதே கால்சியம்.
ட்ரோல்ஸின் முதுகில், மார்பு முள்ளெலும்பு ஒன்பதில்,
நாலு திருகாணிகளைச் சுற்றி ஊறி
மெல்லக் கெட்டியானதும் அதே.

ஓடு வேய்கிறவன் ட்ரோல்ஸ்.
கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் கால்வாயோரம்,
பாசி படிந்த கூரை, அக்டோபர் மழை விட்ட அரைமணி நேரம்.
விழும்போது கையில் ஒரு சிவப்பு ஓடு.
அது மட்டும் உடையவில்லை.

கூரையில் கிடப்பது, ஆமை சுமப்பது,
காலைப் பார்த்துச் சொல்லும் கட்டளை:
மூன்றுக்கும் ஒரே சொல் உள்ள மொழியில்
இதை எழுதுகிறேன்.
அவர்களுக்கு மூன்றும் வேறு வேறு.
நல்லதுதான்.

முதல் ஆறு வாரம் அவன் கால்கள் பிழியாத துணி.
மூளைத்தண்டிலிருந்து செரோட்டோனின் இறங்கி வந்த பாதை
அறுந்து போயிருந்தது.
வாசல்களை இளக்கித் தந்துகொண்டிருந்தது அதுதான்.
காத்திருந்து காத்திருந்து
சாவியே இல்லாமல் திறக்கப் பழகிக்கொண்டன செல்கள்.
இப்போது இரவில்
போர்வை நுனி பாதத்தில் உரசினால் போதும்.
முழங்கால் விறைத்து, கால் நீண்டு,
கட்டில் சட்டத்தை உதைத்தபடி
பத்து விநாடி, பன்னிரண்டு.
இருட்டில் மெரெட்டே எண்ணுவாள். சொல்லமாட்டாள்.

குப்பியின் தாளைப் பிரிக்கிறாள்.
மஞ்சள் கரைந்து, கிண்ணம் முழுக்கப் பரவ
இருபது நிமிடம்.
மறுபடி தட்டல். டக்டக்டக்.
நிறுத்தினாள்.
நிறுத்தியது.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஒழுங்கான செல்.
நோட்டில் நேரத்தைக் குறித்தாள்.
பேனா வெகுநேரம் அந்தக் கடைசி எண்ணின் மேலேயே நின்றது.

வீட்டில் சமையலறை.
அணைந்துவிட்டது, சுத்தமாக, என்றாள்.
ட்ரோல்ஸ் மேல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
காப்பிப் பொட்டலத்தை யாரோ மேலே வைத்துவிட்டிருந்தார்கள்.
யாரோ என்ன, அவள்தான்.

"எனக்கு முழுக்க அணைத்துவிடாதே."
சக்கரத்தின் தடையைப் பூட்டினான்.
தூங்கும் குதிரையை எழுப்புவதுபோல்
தன் தொடையில் தானே இரண்டு தட்டு.
கால் விறைத்தது.
விறைத்த காலின் மேல் ஏறி,
மேசை விளிம்பைப் பிடித்து,
நின்றான்.

அவன் அவளைவிட உயரம் என்பதே
அவளுக்கு மறந்து போயிருந்தது.

"எண்ணுகிறாய்தானே," என்றான் திரும்பாமல்.
"சத்தமாக எண்ணு. எனக்கு உபயோகமாக இருக்கும்."

ஏழு, என்றாள். எட்டு.
ஒன்பதில் முழங்கால் இளகத் தொடங்கியது.
பொட்டலம் கைக்கு வந்துவிட்டது.